ஃப்ளோ ஸ்விட்சுக்கு லூப் போட்டு ஓட்டுகிறோம், பொங்கல் வரை தாங்குமா?

கடிதம் எழுதியவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுமினிய டை காஸ்டிங் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருப்பவர். பெயரும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

டையை (உருகிய அலுமினியத்தை வார்க்கும் அச்சு) சூடாக வைக்க, ஆயிலைச் சூடாக்கி பம்பால் சுற்ற விடும் 18 கிலோவாட் ஹாட் ஆயில் யூனிட் ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடப் பழசு. செட் பாயின்ட் 200 டிகிரி. முன்பெல்லாம் முக்கால் மணி நேரத்தில் 200-ஐத் தொட்டுவிடும். செப்டம்பரில் சூட்டை அளக்கும் சென்சாரான தெர்மோகப்பிள் போய்விட்டதால் எலக்ட்ரீஷியன் பாரிமுனையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். தீபாவளி சமயத்திலிருந்து தொல்லை. 200-ஐத் தொட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சூடு அளவு மீறினால் ஹீட்டரை அணைக்கும் ஓவர் டெம்பரேச்சர் கட்-அவுட் அடிக்கடி டிரிப் ஆனதால் அதன் குமிழைக் கடைசி வரை திருப்பி வைத்துவிட்டார்கள். ஆயில் லெவல் குறைந்துகொண்டே போனது. லெவல் அலாரம் அடிக்கும்போதெல்லாம் பக்கத்து பேரலில் இருந்த 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினார்கள். இப்போது ஆயில் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது, ஆயில் உப்பும்போது இடம் கொடுக்கும் மேல் டேங்க்கின் மூடியில் புகை வருகிறது, சூடு ஏற ஏற பம்ப் கரகரக்கிறது, பிரஷர் கேஜ் முள் நடுங்குகிறது. டிசம்பரில், ஆயில் ஓட்டம் குறைந்தால் ஹீட்டரை அணைக்கும் ஃப்ளோ ஸ்விட்சும் டிரிப் ஆக ஆரம்பிக்க, புரொடக்‌ஷன் நிற்கக் கூடாது என்று அதற்கு லூப் (ஸ்விட்ச் வேலை செய்யாதபடி குறுக்கே ஒரு வயர்) போட்டுவிட்டார்கள். டையில் அலுமினியம் ஒட்டுகிறது என்று ஆபரேட்டர்கள் வேறு புகார் சொல்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கமாம்.

யூனிட்டைக் கொடுத்த கம்பெனி ஆள் ஹீட்டரை முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார். வெளி சர்வீஸ்காரர் ஒருவர், ஆயிலை இறக்கி டீசல் ஊற்றி அலசிவிட்டுப் புது ஆயில் போட்டால் போதும் என்கிறார். முதலாளி, பொங்கல் லீவில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை ஓட்டுங்கள் என்கிறார். கடிதக்காரரின் கேள்விகள் நான்கு: ஹீட்டரா, ஆயிலா? டீசல் ஊற்றலாமா? பொங்கல் வரை தாங்குமா? ஏதாவது ஆகிவிட்டால் லாக் புக்கில் கையெழுத்துப் போடும் நான் மாட்டிக்கொள்வேனா?

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது காத்திருக்காது. பொங்கல் வரை ஓட்டாதீர்கள். இதைப் படிக்கும் ஷிப்டிலேயே யூனிட்டை நிறுத்துங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், முதலாளியிடம் நீங்கள் பேச வேண்டியிருக்குமே. இந்த மாதிரி யூனிட்டில் சூட்டைக் கடத்தும் மினரல் தெர்மிக் ஆயில்களின் ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது ஆவி நெருப்புப் பட்டால் பற்றும் சூடு, பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சூட்டிலும் அதற்கு மேலும் நாம் தைரியமாக ஓட்டுவது, குழாய்க்குள் காற்று இல்லை என்ற ஒரே நம்பிக்கையில். வெளியே கசிந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. அதிலும் உங்கள் ஆயில் உடைந்த ஆயில். சூட்டில் உடையும்போது லேசான, சீக்கிரம் ஆவியாகிற பகுதிகள் பிரிந்து ஃப்ளாஷ் பாயின்டைக் கீழே இழுத்துவிடும். மூடியில் வரும் புகை அதுதான்.

இந்த யூனிட்டுக்குக் காவல் மூன்று: லெவல் ஸ்விட்ச், ஓவர் டெம்பரேச்சர் கட்-அவுட், ஃப்ளோ ஸ்விட்ச். லெவல் ஸ்விட்சின் வாயை ஹைட்ராலிக் ஆயில் ஊற்றி அடைத்தாயிற்று. கட்-அவுட்டின் குமிழ் கடைசியில் நிற்கிறது. ஃப்ளோ ஸ்விட்சில் லூப். இன்று இரவு பம்ப் கப்ளிங் உடைந்தால் ஹீட்டரை நிறுத்த யாருமில்லை. தெர்மோகப்பிள் பார்த்துக்கொள்ளாதா என்று நினைக்கலாம். அது பெரும்பாலும் ஹீட்டரைத் தாண்டி அவுட்லெட் குழாயில் இருக்கும். ஆயில் நகரவில்லை என்றால் ஹீட்டர் அறையில் கொதிக்கிற சூடு அதுவரைக்கும் வந்து சேராது. கன்ட்ரோலர், சூடு இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டு 18 கிலோவாட்டையும் தொடர்ந்து கொடுக்கும்.

நிறுத்தும் விதம்

நிறுத்துவது என்றால் மெயினை அணைப்பது இல்லை. ஹீட்டரை மட்டும் அணைத்துவிட்டு, ஆயில் 80 டிகிரிக்கு இறங்கும் வரை பம்பை ஓட விடுங்கள். நீங்கள் தினமும் செய்கிற மாதிரி 200-இல் மெயினை அணைத்தால், ஹீட்டர் கம்பியில் இருக்கும் சூடு, நின்றுபோன ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல் இறங்கி அதைக் கருக்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் ஷிப்டுக்கு ஒரு தடவை என்றால் கம்பி மேல் கார்பன் ஓடு கட்டிவிடும். இதை உடனே மாற்றுங்கள், செலவே இல்லாத வேலை. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போதும் அப்படித்தான்: முதலில் பம்ப், கேஜில் பிரஷர் நிலைத்த பிறகு ஹீட்டர்.

ஆறிய பிறகு லாகிங்கை, அதாவது குழாய் மேல் சுற்றியிருக்கும் வெப்பக் காப்பு உறையைப் பாருங்கள். ஃப்ளாஞ்ச், வால்வு, பம்ப் இருக்கும் இடங்களில் கிளாஸ் வுல் ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் அந்தப் பகுதியை முழுதாக வெட்டி எடுத்துவிடுங்கள். ஆயில் ஊறிய லாகிங் நெருப்புப் பொறியே இல்லாமல் உள்ளுக்குள் கனியும். ஆயில் தானாகப் பற்றும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே இது நடக்கும். சூடாக இருக்கும்போது பிரித்தால் காற்று பட்டுக் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஆறிய பிறகு என்கிறேன். பக்கத்தில் டிசிபி (உலர் ரசாயனப் பவுடர்) எக்ஸ்டிங்குஷர் இருக்கட்டும். தண்ணீர் பக்கெட் அங்கே இருக்கவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். சூடான ஆயிலுக்குள் அது நடந்தால் ஆயிலைக் கூரை வரை தூக்கி அடிக்கும்.

யார் கையிலாவது சூடான ஆயில் பட்டுவிட்டால் பேஸ்ட், இங்க், மாவு எதையும் பூச விடாதீர்கள். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடி, நேராக ஆஸ்பத்திரி. நம் ஊரில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (கே.எம்.சி.) தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இதை ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு வரி

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி செப்டம்பர் தெர்மோகப்பிள்தான். நீங்கள் அதைக் காலண்டர் குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எல்லாமே அங்கிருந்துதான் ஆரம்பித்த மாதிரி படுகிறது. தெர்மோகப்பிளில் கம்பி உலோகத்தைப் பொறுத்து ஜே, கே என்று பல டைப் உண்டு; சூட்டை அது சின்ன மின்னழுத்தமாக, மில்லிவோல்ட்டில் சொல்லும். பழையது ஜே டைப்பாக இருந்து, கடையில் கொடுத்தது கே டைப்பாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே சூட்டுக்கு கே டைப் கொடுக்கும் மில்லிவோல்ட் குறைவு. ஜே என்று செட் செய்த கன்ட்ரோலர் அதைக் குறைந்த சூடு என்று படிக்கும். டிஸ்ப்ளேயில் 200 வரும்போது ஆயில் நிஜத்தில் 255-ஐ ஒட்டி இருக்கும்.

இப்போது உங்கள் புகார்களை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 200-ஐத் தொட நேரம் ஏன் ஏறியது? ஆயில் நிஜத்தில் இன்னும் 55 டிகிரி கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறது. சூடு ஏற ஏற வெளியே போகிற நஷ்டமும் கூடும், அதனால் கடைசி டிகிரிகள் நகராது. கட்-அவுட் ஏன் டிரிப் ஆனது? அது தனி சென்சாரில் ஓடுவது, நிஜச் சூட்டைப் பார்த்தது. உங்கள் பிளான்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே கருவியைத்தான் திருகி வாயடைத்திருக்கிறார்கள். டையில் அலுமினியம் ஒட்டுவது ஏன்? டை அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் ஒட்டும். ஆபரேட்டர்கள் சொன்னதைத் தனிப் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெர்மோகப்பிள் சரியாகத்தான் இருக்கிறது, காலையில் ஆன் செய்யும்போது 30, 31 என்று ரூம் டெம்பரேச்சரைச் சரியாகக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுவார்கள். கன்ட்ரோலர் தன் டெர்மினலில் இருக்கும் சூட்டைத் தானே கூட்டிக்கொள்ளும். சென்சாரும் டெர்மினலும் ஒரே சூட்டில் இருந்தால் எந்த டைப்பை மாட்டினாலும் ரூம் டெம்பரேச்சர் சரியாகவே வரும். வித்தியாசம் சூடு ஏறும்போதுதான் வெளியே வரும்.

சோதிக்கச் சுலபமான வழி உண்டு. ஆறிய யூனிட்டிலிருந்து தெர்மோகப்பிளைக் கழற்றி, வயரைப் பிரிக்காமல், கெட்டிலில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் முக்குங்கள். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 85 பக்கத்தில் நின்றுவிட்டால் டைப் மாறியிருக்கிறது. இன்னொரு வழி காந்தம். ஜே டைப்பின் பாசிட்டிவ் கம்பி இரும்பு, காந்தத்தில் நன்றாக ஒட்டும். கே டைப்பில் பாசிட்டிவ் ஒட்டாது, நெகட்டிவ் மட்டும் லேசாக இழுக்கும். வயரின் கலரை நம்பாதீர்கள். அமெரிக்க முறை, ஐரோப்பிய முறை என்று கலர் மாறும். நடுவில் ஒட்டுப் போட்ட வயர் சாதாரண செம்பு வயரா என்றும் பாருங்கள், அதுவும் ரீடிங்கைக் கெடுக்கும்.

தப்பு டைப் என்று தெரிந்தால் சரியானதை மாட்டுங்கள், இல்லாவிட்டால் கன்ட்ரோலரின் இன்புட் செட்டிங்கை மாற்றுங்கள். கட்-அவுட்டை வேலை செய்யும் சூட்டுக்கு 20, 25 டிகிரி மேலே திரும்ப வைத்து, நிஜமாகவே டிரிப் ஆகிறதா என்று ஒரு தடவை சோதித்துவிட்டு, குமிழுக்கு சீல் வையுங்கள். செப்டம்பர் மாத லாக் புக்கையும் புரட்டுங்கள். தொல்லை தீபாவளிக்கு ஆரம்பித்தது என்கிறீர்கள். நேரம் கூடியது சென்சார் மாற்றிய மறுநாளே என்று அதில் இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

ஓட்டம் குறைந்த கதை

255 டிகிரி மட்டும் ஒரு நல்ல தெர்மிக் ஆயிலைக் கெடுத்துவிடாது. உதாரணத்துக்கு, தெர்மினால் 55 ஆயிலுக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 290 டிகிரி; ஹீட்டரைத் தொடுகிற படலத்துக்கு 335. உங்கள் யூனிட்டில் ஆயில் கெட்டதற்கு வேறு இரண்டு சேர்ந்திருக்கின்றன. ஒன்று, ஊற்றிய ஹைட்ராலிக் ஆயில். அது 60, 70 டிகிரியில் வேலை செய்வதற்காகச் செய்தது. அதில் இருக்கும் தேய்மானத் தடுப்புச் சேர்மானங்கள் இந்தச் சூட்டில் உடைந்து கசடாகும். இரண்டாவது, மேல் டேங்க். அது காற்றோடு தொடர்பில் இருப்பதால் அங்கே ஆயில் 60 டிகிரிக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் 10 டிகிரி கூடக் கூட ஆயில் ஆக்சிஜனோடு சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். யூனிட் நிற்காமல் ஓடும்போது அந்த டேங்க்கில் கை வைக்க முடியவில்லை என்றால் ஆயில் அங்கே வேகமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறது.

கெட்ட ஆயிலில் வந்த கசடும் கார்பனும் முதலில் போய் அடைவது வடிகட்டும் சல்லடையான ஸ்ட்ரெய்னரில். ஓட்டம் குறையும். ஃப்ளோ ஸ்விட்ச் டிரிப் ஆகும். அது உண்மையைச் சொன்னபோதுதான் லூப் போட்டார்கள். ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் கம்பியை ஒட்டியிருக்கும் படலத்தின் சூடு எகிறும். டிஸ்ப்ளேயில் எதுவும் தெரியாது. கிண்டாமல் விட்ட பால் மேலே பொங்காமலேயே அடியில் பிடிக்கிற மாதிரிதான். கார்பன் பிடித்த கம்பி சூட்டை ஆயிலுக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து, ஒரு நாள் அறுந்து ஓபன் ஆகும்.

அதனால் செலவு வரிசையில் முதலில் வர வேண்டியது ஓட்டம்தான். ஸ்ட்ரெய்னரைக் கழற்றி மெஷ்ஷைப் பாருங்கள். கறுப்புத் துகள் நிறைய இருந்தால் ஒரு பாட்டிலில் எடுத்து வையுங்கள், முதலாளியிடம் காட்ட ஆயிரம் வார்த்தைக்குச் சமம். பம்ப் சுற்றும் திசை அம்புக்குறியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஈ.பி. ஆட்கள் கேபிள் வேலை பார்த்துவிட்டுப் போன பிறகு ஃபேஸ் மாறி பம்ப் தலைகீழாகச் சுற்றுவது தொழிற்பேட்டையில் புதிதல்ல. தலைகீழாகவும் கொஞ்சம் பிரஷர் காட்டும், அதனால் பல நாள் தெரியாமல் ஓடும்.

பம்ப் சத்தம் எந்தச் சூட்டில் வருகிறது என்பதும் முக்கியம். 100 முதல் 120 டிகிரிக்குள் பொரிகிற சத்தம் வந்து அப்புறம் அடங்கினால் ஆயிலில் தண்ணீர். சூடு ஏற ஏறக் கூடினால், நீங்கள் சொல்வது இதுதான், உடைந்த ஆயிலின் ஆவியோ காற்றோ பம்புக்குள் குமிழியாகிறது. குளிராக இருக்கும்போதும் ஒரே மாதிரி என்றால் ஸ்ட்ரெய்னர் அடைப்பு அல்லது பேரிங்.

ஃப்ளோ மீட்டர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. ஹீட்டர் முழுசாக ஓடும்போது அவுட்லெட்டுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். 18 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடினால் 200 டிகிரி சுற்றில் வித்தியாசம் சுமார் 10 டிகிரி. 20 காட்டினால் ஓட்டம் பாதியாகிவிட்டது. நேம் பிளேட்டில் இருக்கும் லிட்டரை வைத்து உங்கள் யூனிட்டுக்கான கணக்கைப் போட்டு பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

ஹீட்டரை மாற்றச் சொன்னவருக்கு ஒரு டாங் டெஸ்டர்

ஹீட்டர் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஊகத்தில் ஹீட்டர் பேங்க் வாங்காதீர்கள். 415 வோல்ட்டில் 18 கிலோவாட் என்றால் மூன்று லைனிலும் தலா 25 ஆம்பியர் வர வேண்டும். வயரை வெட்டாமல் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். மூன்றும் 25 என்றால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடலாம். எலிமென்ட்கள் (ஹீட்டர் கம்பிகள்) முக்கோணமாகச் சேர்ந்த டெல்டா இணைப்பில் ஒரு எலிமென்ட் ஓபன் ஆனால் ஒரு லைனில் 25, மற்ற இரண்டில் 14, 15 ஆம்பியர் வரும். பவர் 12 கிலோவாட்டாக இறங்கியிருக்கும். மூன்றும் ஒரே புள்ளியில் சேரும், நியூட்ரல் இல்லாத ஸ்டார் இணைப்பில் ஒன்று ஓபன் ஆனால் ஒரு லைனில் பூஜ்யம், மற்றதில் 21, 22, பவர் பாதிதான். எலிமென்டைத் தொடும் முன் கான்டாக்டர் பாயின்டையும் ஃப்யூஸையும் பாருங்கள், அங்கேயே கதை முடிந்துவிடுவதும் உண்டு.

இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்து எர்த்துக்கு ரீடிங் குறைவாக வந்தால் உடனே ஹீட்டர் போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம். எலிமென்டின் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் நிறுத்தி வைத்தாலே சென்னைக் காற்றில் ரீடிங் விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எஸ்டேட்டில் தண்ணீர் நின்றதே, அப்படி நனைந்த ஹீட்டர்களைக்கூடக் கழற்றி ஓவனில் காய வைத்தால் ரீடிங் திரும்ப வர வாய்ப்பு உண்டு. காய வைத்தும் ஏறாவிட்டால் மாற்றுங்கள்.

ஆயிலைத் தண்ணீரால் ஆற வைக்கும் கூலிங் பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். ஹீட்டர் முழுசாக ஓடும்போது கூலிங் தண்ணீர் வெளியேறும் குழாய் வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீரைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டு வால்வு மூடாமல் கசிகிறது, சூட்டை நீங்களே தண்ணீரில் விடுகிறீர்கள். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு அந்த வால்வு சீட்டிலும் கூலர் டியூபிலும்தான் முதலில் படியும். கூலிங் தண்ணீர்த் தொட்டியில் ஆயில் படலம் மிதந்தால் கூலர் டியூப் ஓட்டை. லெவல் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆயில், டீசல்

ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. கொஞ்ச நாள் ஓடினாலே தெர்மிக் ஆயில் நிறம் மாறும். விஸ்காசிட்டி, ஃப்ளாஷ் பாயின்ட், அமில அளவு, தண்ணீர், கார்பன் ரெசிட்யூ, இந்த ஐந்தையும் லேபில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தச் செலவு வேண்டாம். ஹைட்ராலிக் ஆயில் கலந்த பிறகு டெஸ்டுக்கு அர்த்தம் இல்லை, மாற்றியே ஆக வேண்டும். ஆனால் சென்சாரையும் ஓட்டத்தையும் சரி செய்த பிறகுதான். இல்லாவிட்டால் புது ஆயிலும் இரண்டு மூன்று மாதத்தில் இதே நிலைக்கு வந்துவிடும்.

டீசல் வேண்டவே வேண்டாம். சர்வீஸ்காரரிடம் கடுமையாகவே சொல்லுங்கள். எவ்வளவு வடித்தாலும் டையின் துளைகளிலும் ஹோஸ் வளைவுகளிலும் கொஞ்சம் தங்கும். டீசலின் ஃப்ளாஷ் பாயின்ட் தெர்மிக் ஆயிலோடு ஒப்பிட்டால் மிகமிகக் கீழே. தங்கிய டீசல் புது ஆயிலோடு சூடாகி ஆவியாகும்போது மறுபடி பம்ப் கரகரக்கும், மூடியில் புகை வரும். அது பற்றிக்கொள்ளவும் கூடும். ஆயில் கம்பெனிகளே இதற்கென்று ஃப்ளஷிங் ஆயில் வைத்திருக்கின்றன. இல்லையென்றால் அதே தெர்மிக் ஆயிலில் கொஞ்சம் ஊற்றிச் சுற்ற விட்டு வடித்துவிடுங்கள்.

வடிப்பது 60, 70 டிகிரியில். வெதுவெதுப்பில்தான் கசடு ஆயிலோடு சேர்ந்து வெளியே வரும், அதற்கு மேல் போனால் கையைப் பொசுக்கும். ஹீட்டரை வெளியே எடுத்து கார்பனைப் பித்தளை பிரஷ்ஷால் எடுங்கள், உளியால் கொத்தாதீர்கள். ஃப்ளாஞ்சுகளுக்கு கிராஃபைட் கேஸ்கெட். நிரப்பும்போது மேல் டேங்க்கை முழுக்க நிரப்பிவிடாதீர்கள். 100 டிகிரி ஏறினால் ஆயில் சுமார் 8 சதவீதம் உப்பும். ஹீட்டர் போடாமல் பம்பை மட்டும் ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் 105, 110 டிகிரியில் நிறுத்தி, பொரிகிற சத்தம் முழுசாக அடங்கும் வரை அங்கேயே வைத்திருங்கள். இந்த இடத்தில் யாராவது அவசரப்படுத்தினாலும் காது கொடுக்காதீர்கள். தண்ணீர் போன பிறகு 20, 20 டிகிரியாக ஏற்றலாம்.

பழைய ஆயிலை வடிகாலில் விடக் கூடாது. அது அபாயகரக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். எஸ்டேட் கழிவு கலந்து கொரட்டூர் ஏரி பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உங்கள் கையெழுத்து

நான் வக்கீல் இல்லை. பிளான்டுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், தேவைப்பட்டால் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்தாலும், அதன் இடத்தில் கொண்டுவந்த 2020 பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை எடுத்தாலும் இரண்டு விஷயங்கள் பொது. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைப்பது நிர்வாகத்தின் கடமை. பாதுகாப்புக்காக வைத்த கருவியில் வேண்டுமென்றே கை வைக்கக் கூடாது என்பது வேலை செய்பவரின் கடமை. ஆக, முதலாளி சொன்னார் என்பது எலக்ட்ரீஷியனையோ உங்களையோ முழுசாகக் காப்பாற்றாது. நீங்கள் வாய்மொழியாகச் சொன்னீர்கள் என்பதை வைத்து முதலாளியும் தப்பிக்க முடியாது. லூப் இருக்கும் நிலையில் "யூனிட் சரி" என்று லாக் புக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். இருப்பதை அப்படியே எழுதுங்கள்: எந்த ஸ்விட்சுக்கு லூப், எந்தத் தேதியிலிருந்து, யார் சொல்லி.

எழுத்தில் கொடுத்தால் முதலாளி தப்பாக நினைப்பாரோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், ஒன்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்த இடம். புகாராக எழுதாதீர்கள், வேலைத் திட்டமாக எழுதுங்கள்: சார், யூனிட்டை இரண்டு நாள் நிறுத்த வேண்டும், முதல் நாள் சென்சார், ஸ்ட்ரெய்னர், கரண்ட் சோதனை, இரண்டாம் நாள் ஆயில், செலவு இவ்வளவு, ஹீட்டர் நன்றாக இருந்தால் கொட்டேஷன் பணம் மிச்சம். பெரும்பாலான முதலாளிகள் இதற்கு இறங்கி வருவார்கள். அவரும் மெஷின் லோனுக்கும் டெலிவரி தேதிக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பவர்தான். அப்படியும் லூப்போடு ஓட்டச் சொன்னால் நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் தகவல் சொல்ல வழி இருக்கிறது. அந்த நிலைக்குப் போகாது என்று நம்புகிறேன்.

எலக்ட்ரீஷியன் தம்பியைத் திட்டாதீர்கள். புரொடக்‌ஷன் நெருக்கடியில் யாரோ சொல்லித்தான் செய்திருப்பார். கெட்டில் சோதனையை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

செய்துவிட்டு டிஸ்ப்ளேயில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். 85 வந்தால் மேலே சொன்ன வரிசையிலேயே போகலாம். 100-ஐ ஒட்டி வந்தால் தெர்மோகப்பிள் மேல் எனக்குள்ள சந்தேகம் தப்பு. அப்போது கூலிங் சோலினாய்டு, மூன்று லைன் ஆம்பியர், ஸ்ட்ரெய்னர் என்ற வரிசையில் பாருங்கள். கட்-அவுட் ஏன் டிரிப் ஆனது என்பதற்கும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்; சூட்டை உணரும் அதன் கேபிலரி பல்ப் ஹீட்டருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இரண்டில் எது வந்தாலும் லூப் இன்றே வெளியே வர வேண்டும்.